தக்கோலப் போர் நாவல்: ஒரே இறப்பை இரண்டு சாசனங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எதை எழுதுவது?

ஏரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழர் படையும் இராஷ்டிரகூடர் படையும் மோதிய போரை மையமாக வைத்து ஒரு நாவல் எழுதி வருகிறேன். இருபத்திரண்டு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. இருபத்து மூன்றாவதில், அதாவது பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இறக்கும் இடத்தில், ஏழு மாதங்களாக நின்றுகொண்டிருக்கிறேன்.

சிக்கல் இதுதான். ஆனைமங்கலச் செப்பேடு (லெய்டன் பெரிய செப்பேடு என்று பலர் அறிந்திருப்பீர்கள்) இராசாதித்தன் தன் கூரிய அம்புகளால் இராஷ்டிரகூட மன்னன் கிருஷ்ணராசனையும் அவன் படையையும் கலங்கடித்தான் என்றும், பெரிய யானையின்மேல் அமர்ந்திருந்தபோதே பகைவரின் அம்புகள் நெஞ்சில் தைத்து வீரசுவர்க்கம் புகுந்தான் என்றும் கூறுகிறது. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டோ, இராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், இராசாதித்தன் இருந்த அம்பாரியையே போர்க்களமாக்கி, அவனோடு பொருது, குத்திக் கொன்றான் என்கிறது. ஒன்றில் தொலைவிலிருந்து வந்த அம்பு. மற்றொன்றில் மூச்சுக்காற்று படும் நெருக்கத்தில் நடந்த கொலை. இரண்டையும் தனித்தனியே எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்தன என்பதுதான் என் துன்பம். இத்தகைய இடத்தில் எழுதுபவர் எதைப் பின்பற்ற வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

கல்லெழுத்து எழுதியது:

நல்ல வினா. ஆனால் எதை எழுதுவது என்பதற்கு முன், ஒவ்வொரு சாசனமும் யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனைமங்கலச் செப்பேடு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஊர் வழங்கிய ஆவணம். தக்கோலப் போர் முடிந்து 50 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின், சோழ அரசு உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. அதன் வடமொழிப் பகுதி அரச குலத்தின் பெருமையைப் பாடும் செய்யுள். மூன்று உலகும் புகழ விமானம் ஏறிச் சென்றான் என்று முடிக்க வேண்டிய கவிஞருக்கு அம்பு பட்டு மாய்வதே கண்ணியமான இறப்பு. எதிரியின் கைக்கு எட்டும் தொலைவில் இளவரசன் இருந்தான் என்று பாடினால், அவனைச் சூழ நின்ற மெய்காவலர் எங்கே போனார்கள் என்ற கேள்வி தானாகவே எழுந்துவிடும்.

ஆதகூர்க் கல்வெட்டு ஏறத்தாழப் போர் நடந்த உடனேயே பொறிக்கப்பட்டது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அது பூதுகனுக்காகவும் எழுப்பப்படவில்லை, கன்னரதேவன் என்னும் அந்தக் கிருஷ்ணராசனுக்காகவும் எழுப்பப்படவில்லை. அது ஒரு நாய்க்காக நட்ட கல். பூதுகனின் வீரர்களுள் ஒருவனான மணலேரன், போரில் காட்டிய திறத்துக்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாய் பின்னர் ஒரு பெரும் பன்றியோடு பொருது, பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மாய்ந்தன. அந்த நாயின் நினைவைப் பொறிக்கும்போதுதான், உரிமையாளன் யார், அவன் யாருக்குப் பணி செய்தான், அவன் தலைவன் என்ன செய்தான் என்று சொல்லிவரும் போக்கில் ஒரு சோழ இளவரசனின் இறப்பும் பதிவாகிறது. நான் நாவல் எழுதுபவன் அல்லன். எழுதுபவனாக இருந்தால் இந்த நாயை விட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இக்கல்வெட்டைப் பழைய நாளில் படித்தவர்கள் ‘களன்’ என்று கொள்ள வேண்டிய இடத்தைக் ‘கள்ளன்’ என்று கொண்டு, பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள் எழுதினார்கள். அம்பாரியைக் களமாக்கி என்பதே பின்னர் ஏற்கப்பட்ட வாசிப்பு. ஆனால் வஞ்சகக் கதை கவர்ச்சியானது ஆகையால் அது இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்ததன் பேரில், நேருக்கு நேர் நின்று போரிட்ட ஒருவனை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் துரோகி என்று அழைப்பது முறையன்று.

தும்பை எழுதியது:

கல்லெழுத்து அவர்களின் அறிவுக்கு வணக்கம் செலுத்திவிட்டு மாறுபடுகிறேன்.

நாவல் ஆய்வேடு அன்று. படிப்பவர் ஒரு மனிதனின் அச்சத்தையும் வெறியையும் இழப்பையும் தேடி வருகிறாரே தவிர, வாசிப்பு வேறுபாட்டைத் தேடி வருவதில்லை. ஏரிக்கரையான் அவர்கள் எழுதிய இரண்டு காட்சிகளில் எது முந்தைய இருபத்திரண்டு அத்தியாயங்களின் தருக்கத்திலிருந்து பிறக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். மற்றதைப் பின்னுரையில் ஒரு பத்தியாகச் சொல்லிவிடலாம். நம் முன்னோர் இப்படித்தான் செய்தார்கள். போர் பாடுவதற்கென்றே நம்மிடம் ஓர் இலக்கிய வகை உண்டு. பரணியில் பேய்கள் பிணக்களத்தில் கூழ் சமைக்கின்றன. பேய் உண்டா என்று கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரை யாரும் வழிமறித்துக் கேட்கவில்லை.

வஞ்சகக் காட்சியைக் கூட நான் முழுதாக விலக்க மாட்டேன். சோழர் பாசறையில் அன்றிரவு யாரேனும் ஒருவன் ‘வஞ்சகமாகக் கொன்றுவிட்டார்கள்’ என்று கூவாமல் இருந்திருப்பானா? தோற்ற படை தோல்வியை அப்படித்தானே விளங்கிக்கொள்ளும்?

கல்லெழுத்து எழுதியது:

இறுதியில் சொன்னதை ஏற்கிறேன். பாத்திரம் பொய் சொல்லலாம். கதைசொல்லி அதை உண்மை என்று கையெழுத்திடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

பரணியை எடுத்துக்காட்டியதால் ஒன்று சொல்கிறேன். சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கம் சென்று பெற்ற வெற்றியைப் பாடும் நூலுக்குத் தோற்ற நாட்டின் பெயரைத்தான் வைத்தார்கள். பரணி வகையின் மரபே அது. அதே மரபு, போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி பாட வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆகவே பரணியில் ஆயிரம் என்று வந்தால் அது எண்ணிக்கை அன்று, தகுதிச் சான்று. அதை அப்படியே எடுத்து ‘ஆயிரம் யானைகள் அணிவகுத்தன’ என்று நாவலில் எழுதுபவர், கவிஞர் தெரிந்தே சொன்ன மிகையைத் தெரியாமல் தகவலாக்கிவிடுகிறார்.

கூலமூட்டை எழுதியது:

யானைக் கணக்கு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். என் ஆர்வமெல்லாம் போரில் இல்லை. போருக்குப் போய்ச் சேருவதில்தான் இருக்கிறது.

நாம் படிக்கும் போர் நாவல்களில் பெரும்பாலானவற்றில் படை ஓர் அத்தியாயத்தின் முடிவில் புறப்பட்டு அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் களத்தில் நிற்கிறது. இடையில் யாருக்கும் பசிப்பதில்லை. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் தின்னும். நூறு லிட்டருக்கு மேல் நீர் குடிக்கும். நூறு யானைகள் மட்டுமே வைத்தாலும் நாளுக்கு 15,000 கிலோ தீவனம் வேண்டும். அதை வண்டியில் ஏற்றிச் செல்ல முடியாது; வழியில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் அது யாரோ ஒருவருடைய தோப்பு.

இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூரில் நெடுநாள் படையோடு இருந்தான். இராசாதித்தபுரம் என்றே அவ்வூருக்கு ஒரு பெயர் வழங்கியது. படை அங்கிருந்து கிளம்பியதாகக் கொண்டால் தக்கோலம் நேர்க்கோட்டிலேயே 140 கிலோமீட்டருக்குக் குறையாது. இடையில் பெண்ணையாறு, செய்யாறு, பாலாறு மூன்றையும் கடக்க வேண்டும். மாட்டுவண்டிகளோடு செல்லும் படை நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர் சென்றாலே நல்ல வேகம். வெள்ளத்தில் ஆற்றைக் கடப்பது ஒரு கதை. வறண்ட மணலில் ஊற்றுத் தோண்டி ஆயிரக்கணக்கான வாய்களுக்கு நீர் இறைப்பது முற்றிலும் வேறு கதை. எந்தப் பருவத்தில் படையை நடத்துகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டால் நாவலின் பாதி மனநிலை அதிலேயே தீர்மானமாகிவிடும்.

என் முதல் முயற்சியில் நான் செய்த பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் நூற்றாண்டுப் பாசறையில் ஒரு வீரன் மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிப்பதாக உருக்கமாக எழுதியிருந்தேன். மிளகாய் போர்ச்சுக்கீசியர் கடல்வழி வந்த பிறகுதான் இந்நாட்டை அடைந்தது. வீரனுக்கு மிளகைக் கொடுத்தேன், உருக்கம் குறையவில்லை.

ஏரிக்கரையான் எழுதியது:

கூலமூட்டை அவர்களே, என் ஐந்தாம் அத்தியாயத்தில் படை நான்கு நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இன்றிரவே பிரித்து எழுதத் தொடங்குகிறேன். தோப்பு வெட்டுவது பற்றிச் சொன்னது என்னைத் தைத்துவிட்டது. அந்தத் தோப்பின் உடைமையாளரை ஒரு பாத்திரமாகவே கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.

கல்லெழுத்து அவர்கள் சொன்ன நாயை நான் அறவே அறிந்திருக்கவில்லை. கல்வெட்டின் பொருளைப் பிறர் மேற்கோளில் படித்தேனே தவிர முழுமையாகப் படிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

நொச்சிவேலி எழுதியது:

இதுவரை பேசியதெல்லாம் இரண்டு வேந்தர், இரண்டு படை, யானை, அம்பு. தோப்பின் உடைமையாளர் வந்த பிறகுதான் எனக்கும் இந்த இழையில் இடம் இருப்பதாகத் தோன்றியது.

பழந்தமிழ் மரபு போரை வீரத்தின் பக்கம் மட்டும் நின்று பார்க்கவில்லை. முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், அவன் அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் நோயாளரையும் பிள்ளை பெறாதாரையும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்ததாகப் பாடுகிறார். இதை அறத்தின் சான்றாக மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். எழுதுபவர் அங்கே நின்று கேட்க வேண்டும்: அறிவிப்பைக் கேட்ட நோயாளி எங்கே போனார், யார் தூக்கிச் சென்றார்கள், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன மிச்சம் இருந்தது? உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர் கிழார் சொன்னது எல்லோருக்கும் தெரியும். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்து, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்று வெண்ணிக் குயத்தியார் கேட்டார். வென்றவன் முகத்துக்கு எதிரே தோற்றவனைப் புகழும் துணிவு அவரிடம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டுச் சோழனையும் கன்னரதேவனையும் பற்றி எழுதும் நாம் இன்னும் நம் பக்கம், அவர்கள் பக்கம் என்றே வாக்கியம் அமைக்கிறோம்.

தக்கோலத்தின் காரணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பராந்தகனின் மருமகனான இராஷ்டிரகூட மன்னன் நான்காம் கோவிந்தனை அரியணையிலிருந்து இறக்கிவிட்டுத்தான் கன்னரதேவனின் தந்தை பட்டம் ஏறினார். பூதுகனோ கன்னரதேவனின் உடன்பிறந்தவளை மணந்தவன். இரு பக்கமும் மருமகன்களும் மைத்துனன்களும். இதை இரு இனங்களின் மோதலாக எழுதினால் அது இன்றைய சண்டையை அன்றைய உடையில் எழுதுவதாகும். இரண்டு வீட்டாரின் சம்பந்தப் பகை என்று எழுதிப் பாருங்கள். பாத்திரங்கள் தாமே பேசத் தொடங்கிவிடும்.

தும்பை எழுதியது:

நொச்சிவேலி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஓர் ஐயம். குடிகளின் துன்பத்தை எழுத வேண்டும் என்ற கடமையுணர்வோடு எழுதும் போர் நாவல்களில் இப்போது ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. எரியும் வைக்கோற்போர், அழும் தாய், தனித்து நிற்கும் குழந்தை. வீர வழிபாடு எவ்வளவு பழகிய சரக்கோ, அவ்வளவு பழகிய சரக்காக இரக்கமும் ஆகிவிட்டது. போரில் ஆதாயம் அடைந்த குடியும் உண்டு. இறந்த வீரரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டார்கள்; அந்த நிலத்தை உழுது பிழைத்தவர்களுக்குப் போர் என்பது வெறும் அழிவு மட்டும் அன்று. தம்பியின் சாவினால் கிடைத்த வயலில் நடவு நடும் அண்ணனின் மனம் எப்படி இருக்கும் என்பதை எழுதுங்கள் என்பேன்.

நொச்சிவேலி எழுதியது:

உதிரப்பட்டி உழுபவன் என்பது நான் நினைத்திராத பாத்திரம். ஒப்புக்கொள்கிறேன்.

பிடரிப்பாகன் எழுதியது:

எல்லோரும் இராசாதித்தன் எப்படி இறந்தான் என்று கேட்கிறீர்கள். அதை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும்.

போர்க்களத்தில் ஒருவருக்குத் தெரிவது மிகக் குறைவு. புழுதி, இரைச்சல், முன்னே நிற்பவனின் முதுகு. முன்னே செல்லும் தூசிப்படையில் இருப்பவனுக்குப் பின்னணிப் படையான கூழையில் நடப்பது தெரியாது. நடுவில் நிற்பவனுக்கு எதுவுமே தெரியாது. வானத்தில் பறக்கும் பருந்தைப் போல முழுக் களத்தையும் கண்டு எழுதும் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. வரைபடம் போன்ற தெளிவு வேண்டுமானால் அது போருக்கு முந்தைய இரவில், திட்டமிடும் தலைவர்களின் வாயில் வரட்டும். விடிந்த பின் அந்தத் திட்டம் ஒவ்வொரு மூலையாகக் கிழிவதைப் படிப்பவர் உணரட்டும்.

இளவரசனுக்கு மிக அருகில் இருந்தவன் பாகன். அவன் யானையின் பிடரியில், இளவரசனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருப்பான். ஒரு முழம் தொலைவில் நடக்கும் இறப்பை அவனால் பார்க்க முடியாது. பின்னால் எடை சாய்வது தெரியும். யானை ஒரு பக்கமாக ஒதுங்குவது தெரியும். தன் தோளில் விழும் ஈரம் தெரியும். அம்பா, வாளா, வேறொருவர் ஏறி வந்தாரா என்று அவன் திரும்பிப் பார்த்தால் யானை கைவிட்டுப் போய்விடும். அந்த அத்தியாயத்தைப் பாகனிடம் கொடுங்கள். இரண்டு சாசனங்களும் பொய்யாகாமல் நிற்கும்.

கல்லெழுத்து எழுதியது:

இது நல்ல வழி. சோழ சாசனங்கள் இராசாதித்தனை ‘ஆனைமேற்றுஞ்சினார்’ என்று குறிக்கின்றன. யானையின்மேல் இறந்தார் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. அந்த ஒற்றை உறுதிக்குள் பாகனின் காட்சி அழகாக அடங்குகிறது.

தும்பை எழுதியது:

நானும் பாராட்டுகிறேன். ஒரே ஒரு தடை: அதற்குப் பிறகு என்ன? பாகன் பார்க்கவில்லை, வேறொருவன் வேறு விதமாகப் பார்த்தான், மூன்றாமவன் இரண்டையும் மறுத்தான் என்று ஒரு நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்லும் உத்தி இப்போது எல்லாக் கதைகளிலும் வந்து சலித்துவிட்டது. நாவல் ஒரு விடுகதையாக முடிந்துவிடக் கூடாது.

ஏரிக்கரையான் எழுதியது:

நான்கு நாட்களாக எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். தும்பை அவர்களின் தடைக்கு விடை என் குறிப்பேட்டிலேயே இருந்தது. நான்தான் அதை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன்.

இராசாதித்தனின் பெரும்படை நாயகனாக இருந்தவன் மலைநாட்டு நந்திக்கரைப்புத்தூர் வெள்ளங்குமரன். பெண்ணையாற்றங்கரையில் உள்ள கிராமம் என்னும் ஊரில், 943இல், அதாவது போருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், அவன் கற்றளி (கற்கோயில்) எடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. திருவொற்றியூரிலோ வேறொரு கல்வெட்டு இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, இளமையிலேயே கல்வி முடித்து, சோழ நாட்டுக்கு வந்து இராசாதித்தனுக்கு நெருக்கமான தலைவனான ஒருவன், தன் தலைவனோடு களத்தில் இறக்கும் பேறு தனக்குக் கிட்டவில்லையே என்று வருந்தி, கங்கையில் நீராடி, துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு திருவொற்றியூர் மடத்தின் தலைவனானான் என்று அது சொல்கிறது. இருவரும் ஒருவரே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நான் அந்தக் கருத்தை நாவலுக்காக எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் திருவொற்றியூர்க் கல்வெட்டு எந்த ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது என்று பாருங்கள். கன்னரதேவனின் 20ஆம் ஆண்டு. கச்சியும் தஞ்சையும் கொண்டதாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட அதே மன்னனின் ஆட்சி. போரில் தன் தலைவனை இழந்த மனிதனின் துயரம், தலைவனைக் கொன்ற பக்கத்து மன்னனின் ஆண்டுக் கணக்கின் கீழ் கல்லில் ஏறியிருக்கிறது. பத்தாண்டுகளில் தொண்டை நாட்டு வாழ்க்கை அப்படித்தான் இயல்பாகியிருந்தது. கோயில் விளக்குக்கு நெய் வர வேண்டும்; அதற்கு யாருடைய ஆண்டையாவது எழுதத்தானே வேண்டும்.

ஆகவே நாவலை அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் களத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அந்த இடைவெளி எனக்கு உரியது, அதை நான் நிரப்புகிறேன். ஆனால் இளவரசன் எப்படி இறந்தான் என்ற இடைவெளியை நிரப்பப் போவதில்லை. மடத்துக்கு வருபவர்கள் துறவியிடம் அதைச் சொல்ல வருகிறார்கள்: பாகன் ஒருவன், உதிரப்பட்டி உழுபவன் ஒருவன், கன்னட நாட்டிலிருந்து வரும் ஒரு நாய்க்காரன். துறவி யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் தான் அங்கே இல்லை என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் கேட்காமல் இருப்பதுதான் கதை. இறப்பின் விவரம் இனி விடுகதையாக இருக்க வேண்டிய தேவையில்லை.

தும்பை எழுதியது:

தடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வஞ்சகக் கதையையும் ஒருவன் வந்து சொல்லட்டும். தலைவனை இழந்தவனுக்கு அது ஆறுதலாக இருக்கும். துறவி அதை நம்ப ஆசைப்படட்டும்.

கூலமூட்டை எழுதியது:

ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்திவிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

சொல்லேர் எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். கருத்தில் சேர்க்க ஒன்றுமில்லை; சொல்லில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பத்தாம் நூற்றாண்டு மாந்தரைப் பேச வைக்கும்போது பழந்தமிழ் நடையில் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு பக்கத்துக்குள் நாடக மேடை வசனமாகிவிடும்; காயம்பட்டவன் யாரும் எதுகை மோனையோடு அலறுவதில்லை. இன்றைய எளிய எழுத்துத் தமிழே போதும். ஆனால் பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொற்களை விலக்க வேண்டும். சிப்பாய், துப்பாக்கி, பீரங்கி, தர்பார் என்று எழுதினால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணில் படாமல் நுழைபவைதான் கடினம்: தயார், முகாம், சாவி, ஜன்னல். முகாமுக்குப் பாசறையும் பாடிவீடும் இருக்கின்றன. படைப்பிரிவுகளின் பெயருக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். அவை அரை நூற்றாண்டுக்குப் பிந்தையவை என்றாலும், ஆனையாட்கள், குதிரைச்சேவகர், தெரிந்த கைக்கோளர், வேளைக்காரர், வில்லிகள் என்று உயிருள்ள பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நேரத்துக்கு நாழிகை, ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். தொலைவுக்குக் காதம். கன்னட வீரனின் பேச்சைக் கொச்சைத் தமிழாக எழுதி நகைச்சுவையாக்கும் வழக்கம் ஒன்று உண்டு, அதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இந்த இழையின் முதல் பதிவிலிருந்து நாம் அனைவரும் அம்பாரி, அம்பாரி என்றே எழுதி வருகிறோம். அச்சொல் அரபியிலிருந்து இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. இராசாதித்தன் அச்சொல்லைக் கேட்டிருக்க மாட்டான்.

கல்லெழுத்து எழுதியது:

நானும்தான் எழுதினேன். ஆதகூர்க் கல்வெட்டில் இருப்பது ‘பிசுகெ’ என்னும் கன்னடச் சொல். பொருள் சொல்லும் அவசரத்தில் கைக்கு வந்ததை எழுதிவிட்டேன்.

ஏரிக்கரையான் எழுதியது:

கோப்பில் தேடிப் பார்த்தேன். இருபத்திரண்டு அத்தியாயங்களில் ‘அம்பாரி’ 61 இடங்களில் இருக்கிறது. ‘தவிசு’ என்று மாற்றத் தொடங்கினேன். அது இருக்கைக்கு உரிய பழைய சொல்லாகையால் பெரும்பாலான இடங்களில் பொருந்திவிட்டது. பாகன் பேசும் இடங்களில் மட்டும் பொருந்தவில்லை. அவன் இளவரசன் அமர்ந்திருந்த இருக்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டான், ‘என் முதுகுக்குப் பின்னால்’ என்றுதான் சொல்வான் என்று தோன்றியது. அப்படியே மாற்றியிருக்கிறேன்.

கூலமூட்டை அவர்களுக்கு: படை இப்போது பதினோரு நாளில் போய்ச் சேருகிறது. ஏழாம் நாள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டுகிறார்கள். இருபத்து மூன்றாம் அத்தியாயம் நேற்று முடிந்தது. மூன்றே பக்கம்தான் வந்தது.